பேட்டரிச் சித்தரும் கெட்டித்துணிச் சட்டையும்

காலை ஆறு மணிக்கே அந்தத் தெருவில் வரிசை. தண்ணீர் வரவில்லையா? வந்தது. தள்ளுபடிக் கடை திறக்கிறார்களா? அதுவும் இல்லை. பேட்டரிச் சித்தர் எழுந்தருளப் போகிறார்! வரிசையில் முதல் ஆள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊரார் பார்வையையெல்லாம் சரிசெய்து கொடுப்பவர். சித்தர் விஷயத்தில் மட்டும் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிடுவார்.

தாடி வைத்த சித்தர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் மழமழவென்று சவரம் செய்த சித்தர். கழுத்தில் செம்புக் கம்பி மாலை, இடுப்பில் திருப்புளி. கூரையில் சோலார் பலகையும் வீட்டுக்குள் பேட்டரியும் இருப்பவர்களுக்கு மட்டுமே அருள்வார். மற்ற ஏழைகள் வேறு கடவுளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவர் அவதரித்த கதை சிறியது. மின்சாரக் கட்டணத்தை நேரத்துக்கு நேரம் மாற்றினார்கள். பகலில் யூனிட் மலிவு. மாலை ஆறிலிருந்து பத்து வரை அதே யூனிட் யானை விலை, குதிரை விலை. சோலார்க்காரர்களுக்கு வந்தது சோதனை. ஆறு மணிக்கு வெயில் போய்விடுகிறது, விலையேற்றம் அப்போதுதான் வருகிறது. அதனால் ஆளாளுக்குப் பேட்டரி வாங்கினார்கள். பகல் வெயிலைச் சேர்த்து வைத்து மாலையில் செலவழிக்கலாம் என்பது கணக்கு. கணக்கு சரி. பேட்டரியும் நல்ல பேட்டரி. ஆனால் பில் மட்டும் குறையவில்லை.

ஏன் என்று விற்ற கடையில் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் கிடைத்துவிடுமே! நம் மக்கள் சித்தரிடம் போனார்கள்.

"பேட்டரிக்குள்ள சக்தி இருக்கு. ஆனா அது உறங்கிட்டு இருக்கு. நான் எழுப்பி விடுறேன்" என்றார் சித்தர். ஒரு செம்புத் தகடு எடுப்பார். வீட்டிலுள்ள எல்லோரும் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். பார்த்தால் ஒளி கண்ணைப் பறித்துவிடுமாம். ஏழு நிமிடம் பேட்டரி அறையில் தனியாக இருப்பார். வெளியே வரும்போது தகடு பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும். அடுத்த மாதம் பில் பாதியாகக் குறையும்! அதுதான் வேடிக்கை, நிஜமாகவே குறையும். பிறகு மூன்றாம் மாதம் சித்தர் இலவசமாக வந்து பார்த்துவிட்டுப் போவார், அப்போதும் ஏழு நிமிடம். அந்த இலவசத்துக்குப் பிறகு பில் மறுபடி ஏறும். "தகட்டோட ஆயுசு முடிஞ்சிருச்சு, புதுசு போடணும்" என்பார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற வேலை. தொட்டிலை ஆட்டுகிறாரே என்று தெருவே உருகியது.

அந்தத் தெருவின் நடு வீட்டில் ஒரு தையற்காரி இருந்தாள். முன்னறையில் ஒரு மின் தையல் மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, வெட்டுவதற்கு ஒரு நீள மேசை. வேலைக்குப் போகிறவர்கள் மாலையில்தான் துணி கொண்டுவருவார்கள். அளவு பார்ப்பது, தொளதொளவென்று இருப்பதைப் பிடித்துத் தைத்துக் கொடுப்பது, தேய்த்து மடிப்பது எல்லாம் ஆறிலிருந்து பத்துக்குள். புருஷன் பஸ் ஓட்டுகிறவர். வெளியே அத்தனை பெரிய வண்டியை ஓட்டினாலும் வீட்டில் ஸ்டியரிங் அவருடைய அம்மா கையில்தான். அந்த அம்மாவோ சித்தரின் பரம பக்தை.

சித்தர் அவர்கள் வீட்டிலும் தகடு ஒட்டினார். பில் குறைந்தது. இலவசமாக வந்து பார்த்தார். பில் ஏறியது. இரண்டாவது தகட்டோடு வந்தபோது தையற்காரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்களை ஏன் வெளிய போகச் சொல்றீங்க?"

தெருவில் அதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி. சித்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முன்னறையைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். கண்ணை மூடிவிட்டார் என்றால் யாருக்கோ கேடு என்று அர்த்தம்.

"அம்மா, இந்த வீட்ல ஒரு இரும்புச் சக்கரம் அந்தி நேரத்துல சுத்துது. அதுதான் பேட்டரியோட உயிரைக் குடிக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள அது வாசல் தாண்டணும். அன்னிக்கு வந்துதான் புதுத் தகடு ஒட்டுவேன். இல்லைன்னா தகடு வேலை செய்யாது. வீட்டு ஆம்பளைக்கும் ஆகாது."

அன்றைக்கே மாமியார் மிஷின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார். "வெள்ளிக்கிழமை உங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடு. என் பிள்ளை நல்லா இருக்கணும்."

"அத்தை, அது என் பொழப்பு."

"பொழப்பு வேற வரும். பிள்ளை வருமா?"

தையற்காரி புருஷனைப் பார்த்தாள். அவர் சிவப்பு விளக்கில் நிற்கும் பஸ் மாதிரி அசையாமல் நின்றார். பன்னிரண்டு வருஷம் அந்த மிஷினில் உட்கார்ந்து வீட்டுக்குப் பாதி சோறு போட்டவள் அவள். அழுதுவிட்டால் சித்தர் ஜெயித்துவிடுவார் என்று அழாமல் இருந்தாள்.

தையற்காரிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அளவு எடுக்காமல் கத்திரி வைக்கமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் அளவு எடுக்க ஆரம்பித்தாள், இந்தத் தடவை மின்சாரத்துக்கு. வெளியிலிருந்து எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று மீட்டர் ஒரு எண் காட்டும். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று பெட்டியின் திரை காட்டும். இரண்டையும் அரைமணிக்கு ஒருமுறை துணியில் கோடு போடும் சாக்பீஸால் மேசையில் எழுதினாள். வெளியிலிருந்து மின்சாரம் கொட்டுகிறது. பேட்டரி நூறு சதவீதம். ஏழு மணிக்கும் நூறு. மாமியார் அசந்த நேரம் சாக்கை விலக்கி மிஷினை ஓட்டிப் பார்த்தாள், அப்போதும் நூறு. ஒன்பதுக்கும் நூறு. வயிறு முட்டத் தின்றுவிட்டு ஐயா படுத்திருக்கிறார்! உயிரைக் குடித்திருந்தால் கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டாமா?

புதன்கிழமை அவள் பெட்டியோடு வந்த குறிப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். அதன் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. பதினொன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தது: பேட்டரி தொழிற்சாலையிலிருந்து வரும்போது 'மின்தடைக்கு மட்டும்' என்ற நிலையில் இருக்கும். கரண்ட் போனால்தான் வேலை செய்யும். மாலை நேரத்துக்கு வேண்டுமானால் மூன்று பொத்தான்களை அமுக்கி நேரத்தைக் குறிக்க வேண்டும். சித்தரின் ஏழு நிமிடத்தில் ஆறு நிமிடம் சும்மா நிற்பதற்கு என்று அவளுக்கு விளங்கியது. இலவசமாக வந்தபோது அதே பொத்தான்களைப் பழைய நிலைக்கு மாற்றிவிட்டுப் போனதும் விளங்கியது.

உடனே அவளே அமுக்கியிருக்கலாம். அமுக்கவில்லை. அமுக்கினால் பில் குறையும், மாமியார் தகட்டுக்குப் பூ வைத்துவிடுவார். மிஷின் போனது போனதுதான். அதனால் வியாழக்கிழமை முழுவதும் உட்கார்ந்து கையாலேயே பேட்டரிப் பெட்டிக்கு ஒரு சட்டை தைத்தாள். காற்றோட்டம் வேண்டுமே, பக்கங்களுக்கு வலைத்துணி. பொத்தான்கள் இருக்கும் முகப்புக்கு மட்டும் காலருக்குள் வைக்கும் கெட்டித்துணி, வெளியிலிருந்து விரலால் அமுக்க முடியாதபடி நான்கு மடிப்பு. மாட்டிவிட்டு, பின்பக்கம் இரட்டை நூலில் நெருக்கித் தையல் போட்டு மூடினாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்கால். வாசலில் தெருவே கூடியிருந்தது. சாக்கு மூடிய மிஷின் பரிதாபமாக வாசற்படியில் நின்றது. சித்தர் தகட்டோடு வந்தார்.

"சாமி, இந்தத் தகட்டோட சக்தி சுவர் தாண்டிப் பாயும்னு சொல்றாங்களே, நெஜமா?" என்று பவ்வியமாகக் கேட்டாள் தையற்காரி.

"ஏழு சுவர் தாண்டும் மகளே!"

"ஏழா!" என்று கைகூப்பினார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

"ரொம்ப சந்தோஷம் சாமி. உள்ள போங்க."

கூட்டம் திரும்பிச் சுவரைப் பார்த்தது. ஒரு நிமிடம் போயிற்று. மூன்று போயிற்று. உள்ளே ஏதோ பிறாண்டும் சத்தம். ஏழு போயிற்று. பத்தும் போயிற்று. கதவு லேசாகத் திறந்து, சித்தரின் குரல் மட்டும் வந்தது.

"அம்மா... ஒரு கத்திரிக்கோல் கிடைக்குமா?"

கூட்டம் சுவரை விட்டுத் திரும்பியது.

"கத்திரியா? எதுக்கு சாமி?" என்றாள் தையற்காரி.

"இல்ல... பெட்டிக்கு ஏதோ துணி சுத்தியிருக்கு."

"ஏழு சுவர் தாண்டுற சக்திக்கு நாலு மடிப்புத் துணி தடையா சாமி?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தருக்கு ரோஷம் வந்துவிட்டது. தகட்டைத் துணியின் மேலேயே ஒட்டிவிட்டு, "முடிஞ்சிருச்சு, சக்தி இறங்கிருச்சு!" என்று வேர்வையோடு வெளியே வந்தார். வாசலைப் பார்த்து நடந்தவரை பஸ்காரர் மறித்தார். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது போல.

"இருங்க சாமி. ஆறு மணி ஆகப் போகுது. பார்த்துட்டுப் போகலாம்."

ஆறு அடித்தது. தையற்காரி இஸ்திரிப் பெட்டியைப் போட்டாள். எல்லோரும் மீட்டரைப் பார்த்தார்கள். எண் ஒரே தாவாகத் தாவி ஆயிரத்துச் சொச்சம் வாட்டில் நின்றது. அவ்வளவும் வெளி மின்சாரம், அவ்வளவும் யானை விலை. தகடு பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. பாவம், அதனால் முடிந்தது அதுதான்.

"துணிதான் தோஷம்! நம்பிக்கை இல்லாத கை தைச்ச துணி!" என்றார் சித்தர். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்ற கதை.

"அப்போ தகட்டையும் எடுத்துடலாம், துணியையும் எடுத்துடலாம்" என்றாள் தையற்காரி. தகட்டைப் பிய்த்துச் சித்தர் கையிலேயே கொடுத்தாள். "நீங்க இதை எடுத்துக்கிட்டு, ஏழு சுவருக்கும் அப்பால, அந்தத் தெருமுனைக்குப் போய் நில்லுங்க. ஒருத்தர் கூடப் போங்க, ஓடிடப் போறாரு."

பிறகு தையலைப் பிரித்தாள். புத்தகத்தின் பதினொன்றாம் பக்கத்தைத் திறந்து மாமியார் கையில் கொடுத்தாள்.

"நான் தொடமாட்டேன் அத்தை. நீங்களே படிச்சு, நீங்களே அமுக்குங்க."

மாமியார் எழுத்துக்கூட்டிப் படித்தார். முதல் பொத்தான். இரண்டாவது பொத்தான். மாலை ஆறு முதல் பத்து வரை. மூன்றாவது பொத்தான். டக் என்று ஒரு சின்னச் சத்தம். மீட்டர் எண் ஆயிரத்திலிருந்து சரிந்து சுழியத்தில் வந்து படுத்தது. இஸ்திரிப் பெட்டி சூடாகத்தான் இருந்தது.

மாமியார் அந்தச் சுழியத்தைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். அப்புறம் வாசலுக்குப் போய் மிஷின் மேலிருந்த சாக்கை உருவினார்.

"டேய், என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிற? மிஷினை உள்ள தூக்கு!" என்று மகனை அதட்டினார். குரல் உடைந்திருந்தது. மருமகளின் முகத்தைப் பார்க்காமல், "நான் ஒரு முட்டாள்ம்மா" என்றார்.

"முட்டாள் இல்ல அத்தை. இப்பத்தான் அமுக்கினீங்களே" என்றாள் தையற்காரி. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

தெருமுனையிலிருந்து சித்தரைப் பிடித்து வந்தார்கள். சாமியாட்டம் போய் நிஜப் பேச்சு வந்தது. பேட்டரி மாட்டிக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தவராம். பொத்தான் அமுக்கிக் காட்டினால் ஒருத்தரும் நன்றிகூடச் சொல்லவில்லையாம். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கியதும் காலில் விழுந்தார்களாம். "என்னைய மட்டும் சொல்றீங்களே?" என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நம் மக்கள் விடுவார்களா? சித்தரை விட்டுவிட்டுக் கூட்டம் அப்படியே தையற்காரி பக்கம் திரும்பியது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான் முதல் ஆள். கைகூப்பி நின்றார்.

"தாயே! உங்க கை ராசியான கை. எங்க வீட்டுக்கும் ஒரு தடவை வந்து அமுக்கிக் குடுங்க. என்ன காணிக்கை வேணும்னாலும் வைக்கிறேன்!"

தையற்காரி குறிப்புப் புத்தகத்தை அவர் கையில் திணித்தாள். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்த கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டினாள்.

"ராசி என் கையில இல்லண்ணே. பதினொண்ணாம் பக்கத்துல இருக்கு. போய்ப் படிங்க."