படகு பார்க்கப் போன நாட்கள்

பாய்மரப் படகு ஒன்று வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். பழையது போதும். கடலூரில் ஏறினால் கரையோரமாகவே ராமேஸ்வரம் வரை போக வேண்டும். திரும்பி வருவதைப் பற்றி யோசிக்கவில்லை.

நான் சடையப்பன். பல்கலைக்கழக அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் தள்ளி ஓய்வு பெற்றவன். குளத்தில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. ஆனால் எங்கள் ஒரே பையன் எழிலன் போன ஆவணியில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். அதிலிருந்து அண்ணாமலை நகர் வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. ஹாலில் உட்கார்ந்து அழுவேன். காபி வரும். குடித்துவிட்டு அழுவேன். என் மனைவி தைலம்மாள் டம்ளரை எடுத்துப் போய்க் கழுவுவாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நான் பார்த்ததில்லை. உள்ளுக்குள் எனக்குக் கோபம்கூட இருந்தது.

படகு என்றதும் வீடு ரெண்டாகும் என்று எதிர்பார்த்தேன். பதில்களை எல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"தைலம், ஒரு படகு வாங்கலாம்னு..."

"வாங்குங்க."

ஒத்திகை வீணாயிற்று.

"ஆனா ஒண்ண மட்டும் பாத்துட்டு வாங்கிடாதீங்க. ஒரு பொடவைக்கே நாலு கடை ஏறி எறங்குறோம்."

இவ்வளவு சுலபமாக மடங்கிவிட்டாளே என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

முதல் படகு கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் கிடந்தது. ஓர் ஐஸ் கம்பெனிக்காரருடையது. இருபத்திரண்டு அடி, ஃபைபர். அடியில் இருக்கும் கனத்த தகட்டை மேலே தூக்கிக்கொண்டால் இரண்டடித் தண்ணீரிலும் போகும். உள்ளே நிமிர்ந்தால்தான் மண்டை உடையும்.

"எப்பிடி இருக்கு?" என்றாள் தைலம்.

"படகு நல்லாருக்கு. பாய்தான் பழசு."

"ரொம்ப வயசோ? பாவம், எதுக்கு விக்கிறாராம்?"

"யாரு?"

"அந்தப் பாயிதான்."

"அடியே, பாய்னா காத்துக்கு விரிக்கிற துணிடி!"

"சரி, அத வெயில்ல புடிச்சுப் பாத்தீங்களா? ஓட்டை இருந்தா தெரியுமே."

பார்க்கவில்லை. மறுநாள் போனேன்.

இரண்டாவது படகு புதுச்சேரியில். இருபத்தெட்டு அடி. உள்ளே நின்றுகொண்டே சட்டை மாற்றலாம். இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு. ஆனால் அடித்தகட்டைத் தூக்க முடியாது. ஐந்தடித் தண்ணீர் வேண்டும். மணல் மேடிட்ட முகத்துவாரத்தில் தட்டி நின்றுவிடும்.

"கடலூரு முகத்துவாரத்துல எத்தன அடி தண்ணி?"

"தெரியல."

"போயி அளங்க. தண்ணி ஏறும்போது ஒரு வாட்டி, எறங்கும்போது ஒரு வாட்டி. ஒரு நாள் முழுக்க இருந்துட்டு வாங்க. புளிச்சோறு கட்டித் தரேன்."

இப்படி ஐந்து வாரத்தில் பதினோரு தடவை போய்விட்டேன். ஐஸ் கம்பெனிக்காரர் என்னைக் கண்டால் ஒரு நாற்காலியை எடுத்துப் போடும் அளவுக்கு நெருங்கிவிட்டோம். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்றுகூட எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

பன்னிரண்டாம் தடவை கடலூர் போகும் வழியில், புதுச்சத்திரத்தில் சாலை மறியல். பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். கேட்டில் கை வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம். யாரோ யாரையோ அடிப்பது போல. மாரில் அடித்துக்கொண்டு அழும் சத்தம்.

"எழிலா... அப்பா இல்லடா. சாயங்காலந்தான் வருவாரு. வாடா, அம்மாகிட்ட பேசுடா..."

கை கேட்டிலேயே ஒட்டிக்கொண்டது.

பக்கத்து வீட்டுச் சத்யப்பிரியா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து ரகசியமாகச் சொன்னாள். "மாமா, இப்ப உள்ள போவாதீங்க. நீங்க படகு பாக்கப் போற நாள்ல மட்டுந்தான் அக்கா அழுவுறாங்க."

"என் முன்னாடி அழுதா என்ன?"

"'நானும் விழுந்துட்டா அவர யாரு தூக்குறது'ம்பாங்க."

பதினோரு நாள். பத்து மாசத்தில் அவளுக்குக் கிடைத்தது பதினோரே நாள். மற்ற நாளெல்லாம் ஹாலை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஒரு நாளையாவது முழுசாக அவளுக்கு விட்டுவிடலாம் என்று சத்தமில்லாமல் தெருமுனைக்கு நடந்தேன். புங்க மரத்தடியில் நின்று போன் போட்டேன். ரொம்ப நேரம் கழித்து எடுத்தாள்.

"தைலம், இன்னிக்கு வர நேரமாவும். நீ அவசரப்படாத. மெதுவா இரு."

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு வழக்கமான குரல். "எங்க இருக்கீங்க?"

"முதுநகர்லதான். ஆத்தங்கரையில. நல்ல காத்து." நானும் மூக்கை உறிஞ்சினேன்.

அந்த நேரம் பார்த்து, மரத்துக்கு அந்தப் பக்கம் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர் கத்தினார்.

"சடையப்பன் சார்! உங்க ரெண்டு பேண்டும் ரெடி!"

அது போனுக்குள்ளும் போய்விட்டது.

"அந்தப் பேண்ட வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வாங்க," என்றாள் தைலம். "தெருவுல நின்னு அழுவாதீங்க. இங்க வந்து அழுவுங்க."