பந்து தொடாத பன்னிரண்டு வாரம்

ஆம்பூர்ப் பெண்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை ஜெபராணிக்கு மாவட்டக் குழுவிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இளம் கால்பந்து வீராங்கனையரிடத்து நீட்சிப் பயிற்சியும் விளையாட்டுசார் பயிற்சியும் விளைவிக்கும் நன்மைகளைப் பன்னிரண்டு வாரம் ஆராய வேண்டுமாம். முதல் குழு உடம்பை நீட்டும். இரண்டாம் குழு கால்பந்துப் பயிற்சி செய்யும். மூன்றாம் குழு ஒப்பீட்டுக்காகச் சும்மா உட்காரும். இந்த மூன்றாவதில் மட்டும் மாவட்டக் குழுவினருக்கு நேரடி அனுபவம் இருந்தது.

ஆய்வை நடத்த வந்தவர் ஜம்புலிங்கம். நாற்பது வருஷம் தோல் தொழிற்சாலையில் ஈரத்தோலைச் சட்டத்தில் கிளிப் மாட்டி இழுத்துக் காயவைத்தவர். நீட்சியில் அனுபவமுள்ளவர் தேவை என்று அறிவித்தபோது மனு போட்டவர் அவர் ஒருவர்தான். வந்ததும் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார்.

"உயரம் எதுக்கு சார்?"

"இழுத்தா எவ்ளோ ஜாஸ்தி வருதுன்னு பாக்க வேணாமா? தோல்னா நூத்துக்கு எட்டு வரும்."

"பிள்ளைங்க தானா வளருவாங்க சார்."

"தானா வளர்றத ரிப்போர்ட்ல எழுத முடியாதும்மா."

இரண்டாம் குழுவுக்காக ஜெபராணி பந்தை எடுத்ததும் ஜம்புலிங்கம் பதறிவிட்டார். பந்து ஒவ்வொருத்தி காலிலும் ஒவ்வொரு மாதிரி உருளும், ஆய்வு கெட்டுவிடும் என்றார். பந்து பீரோவுக்குள் போனது. பீரோவுக்கு அரக்கு முத்திரை விழுந்தது. பிள்ளைகள் காற்றை உதைத்துப் பழகினார்கள்.

பன்னிரண்டாம் வாரம் வாலாஜாபேட்டை அணியோடு ஆட்டம். அதில் நன்றாக ஆடும் இருவருக்கு அரசு விளையாட்டு விடுதியில் இடம். இருப்பதிலேயே குள்ளமான ஃபீபிதான் இருப்பதிலேயே கெட்டிக்காரி. விடுதி கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுத் தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மா ஸ்டெல்லாவுக்கு வேறு வழியில்லை.

"ஒரு வாரமாவது பந்து குடுங்க சார்."

"குடுக்கலாம்மா. ஆட்டம் முடியட்டும்."

ஒன்பதுக்கு சைபர் என்று தோற்றார்கள். அறிக்கை இப்படி எழுதப்பட்டது: "கோல்காவலர் ஒன்பது முறையும் முழங்கால் மடக்காது குனிந்து வலையிலிருந்து பந்தை எடுத்தமை, நீட்சிப் பயிற்சியின் மேன்மையை ஐயமற நிறுவுகிறது." மேலும், மூன்று குழுக்களும் தலைக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தன.

"சும்மா இருந்த குழு எப்படி சார் வளந்துச்சு?"

"மத்தவங்க நீட்றத பாத்துனே இருந்துச்சு இல்ல."

ஆட்டத்தை வைத்துத் தேர்வு செய்ய ஏதுமில்லாததால், அறிவியல் அடிப்படையில் உயரமான இருவருக்கு விடுதி இடம் தரப்பட்டது. அதில் ஒருத்தி மூன்றாம் குழு. பந்து வந்தால் மரியாதையாக ஒதுங்கி வழிவிடும் நல்ல பெண்.

செய்தி ஊருக்குள் பரவியது. மறுநாள் காலை பள்ளி வாசலில் பெற்றோர் திரண்டபோது, அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஜெபராணி நினைத்தார். அவர்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் ஃபீபியோடு ஸ்டெல்லா.

"எம் பொண்ண இன்னும் எவ்ளோ இழுத்தா டீச்சர் விடுதி கெடைக்கும்? அடுத்த பேட்ச்ல பதினோரு பேர்தான் சேப்பாங்களாமே."

இழுப்பதற்கும் வளர்வதற்கும் சம்பந்தமே இல்லை, இது வெறும் பித்தலாட்டம் என்று உரக்கச் சொல்லிவிட ஜெபராணி வாயைத் திறந்தார். அப்போதுதான் வரிசையின் கடைசியில், தங்கள் மகளின் கையைப் பிடித்தபடி நின்ற தன் வீட்டுக்காரர் கண்ணில் பட்டார்.

ஸ்டெல்லாவைக் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொல்லிவிட்டு, ஜெபராணி வீட்டுக்காரரை முன்னால் வரச் சொன்னார்.