உபரிக் கல்வி நீக்கம்

ஆம்பூர் ஃபீபி ஒரு குற்றமும் செய்யவில்லை. நான்கு வருடம் படித்தாள், அவ்வளவுதான். அவள் வேதியியலில் சேர்ந்தபோது பட்டத்துக்கு மூன்று வருடம். நடுவில் புதுச் சட்டம் வந்து நான்காக்கியது. நான்காம் வருடப் பரீட்சையை அவள் எழுதி முடித்த வாரம் ஆட்சி மாறியது. புதிய ஆட்சி அந்தச் சட்டத்தை முன்தேதியிட்டு ரத்து செய்தது. ஆகவே நான்காம் வருடம் என்ற ஒன்று நடக்கவே இல்லை.

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளுக்கு லேப் வேலை காத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பட்டச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அதை வாங்க, பல்கலைக்கழகம் இருந்த வேலூருக்கு பஸ் ஏறினாள்.

மேற்படி இனங்களைப் பரிசீலிக்க அங்கே ‘உபரிக் கல்வி நீக்கப் பிரிவு’ என்று ஒரு அலுவலகம் திறந்திருந்தார்கள். கண்காணிப்பாளர் பக்தவச்சலம் அவள் கோப்பைப் புரட்டிவிட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார்.

“இன்னாம்மா இது, ஒரு வருஷம் ஜாஸ்தி படிச்சிருக்க?”

“நீங்கதான் சார் படிக்கச் சொன்னீங்க.”

“அது போன கவர்மென்ட்டும்மா. மூணு வருஷ டிகிரிக்கு மூணு வருஷ அறிவுதான் இருக்கணும்.”

“நாலாவது வருஷம் நடக்கவே இல்லைன்னு ஜி.ஓ.வுல போட்டிருக்கே சார். அப்புறம் எப்படி ஜாஸ்தி ஆகும்?”

“அதான் பேஜாரு. நடக்காத வருஷத்துல படிச்சது தலையில இருந்தா, அது அனுமதியில்லாத கையிருப்பு. மறந்துட்டேன்னு ஒரு சர்டிபிகேட் வேணும்.”

“யார் தருவாங்க?”

“நாங்கதான். பரீட்சை வச்சு.”

புதன்கிழமை மறதித் தேர்வு நடந்தது. முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்தால் பாஸ். அவள் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியே வருடத்தை ஓட்டிய நாகேந்திரன் பூஜ்யம் வாங்கித் தங்கப் பதக்கம் பெற்றான். ஃபீபிக்கு எழுபத்தெட்டு. பிறந்ததிலிருந்து ஃபெயிலே ஆகாதவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

நாகேந்திரன் பெருந்தன்மையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “கொஸ்டினைப் படிக்காத. படிச்சாத்தானே ஆன்சர் வருது.”

வியாழக்கிழமை மறுதேர்வு, வாய்மொழியாக. மூவர் குழு. பக்தவச்சலம் மனமிரங்கி ஒரே கேள்வி கேட்டார்.

“பாலாத்துல இன்னாம்மா ஓடுது?”

நான்காம் வருடம் முழுக்க ஃபீபி படித்ததே அதைத்தான். பாலாற்றில் எந்தப் பாலத்தடியில் எத்தனை மில்லிகிராம் குரோமியம், எவ்வளவு உப்பு, எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதும் ஞாபகம் வந்தது.

“தண்ணி சார்.”

“எப்படிப்பட்ட தண்ணி?”

“ரொம்ப சுத்தமான தண்ணி.”

மூவரும் எழுந்து கை குலுக்கினார்கள். அறிவு அறவே நீங்கியமைக்கான சான்றிதழ் அங்கேயே கையெழுத்தானது.

வெள்ளிக்கிழமை நிலையத்து மேனேஜர் பட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு மறதிச் சான்றிதழை இரண்டு முறை படித்தார். இன்டர்வியூவே வைக்கவில்லை. “இத்தனை வருஷமா உங்களை மாதிரி ஆளைத்தான் மேடம் தேடிட்டிருந்தோம்” என்றார்.

இப்போது வாராந்திர அறிக்கையில் ஃபீபி கையெழுத்திடுகிறாள்: தண்ணீர், மிகவும் சுத்தம். அது பேப்பரில் வருகிறது. ஊரில் நாங்கள் எல்லோரும் அதைப் படித்து, நிம்மதிப் பெருமூச்சு விட்டு, கேன் தண்ணீருக்கு போன் செய்கிறோம்.