ஐம்பத்திரண்டாம் இடத்துக் கழிவறைச் சபதம்

வாழ்க ஹார்லன்! அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில், வீட்டுவண்டிகள் தங்கும் பூங்காவில் அலையோரத்து ஐம்பத்திரண்டாம் இடத்தை, ஆறு மாதம் முன்னரே, ஒரு விடியற்காலையில் கணினியெதிர் அமர்ந்து, கண்ணிமையாது காத்திருந்து, ஒற்றை விரலால் எதிரிகள் எண்ணூற்றுவரை முந்தி முன்பதிவில் வென்றெடுத்த வித்தகர்! முப்பத்திரண்டடி நீள வீட்டுவண்டியின் வேந்தர்! அரைக்கால் சட்டையும், காலுறை மேல் செருப்பும் பூண்ட கவசதாரி! எழுபத்தோராண்டு முதிர்ந்தும் எவரிடமும் வழி கேளாத ஏந்தல்! அன்னார் கழிவறை நோக்கிப் படையெடுத்த காதையைப் பாட என் நாவுக்கு வலிமை தா, பசிபிக் பெருங்கடலே! தராவிட்டாலும் பாடத்தான் போகிறேன்.

அவ்வண்டியின் சிறப்பை ஆயிரம் நாவால் சொன்னாலும் அடங்காது. அதனுள் அகன்ற கட்டில் உண்டு. குளிர்பதனப் பெட்டி உண்டு. கணப்பு இல்லாமலே கணப்புபோல் எரிகிற திரை ஒன்றும் உண்டு. எல்லாவற்றுக்கும் மணிமுடியாய், வெண்சங்கை நாணச்செய்யும் பீங்கான் பீடத்தோடு ஒரு கழிவறையும் உண்டு. ஒரு வீட்டின் விலை கொடுத்து அதை வாங்கிய ஹார்லன், அதில் ஒருவரும் அமரலாகாது என்று சட்டம் இயற்றினார்.

காரணம் உண்டு. உள்ளே போவது எதுவும் ஒருநாள் வெளியே வந்தாக வேண்டும். பயண முடிவில் வண்டித் தலைவனே குழாய் மாட்டி, பின்னால் வரிசையாக நிற்கும் வண்டிக்காரர்கள் பார்த்திருக்கக் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். சென்ற கோடையில் அக்குழாய் நடுவே கழன்றது. அன்று நிகழ்ந்ததை உரைக்க என் நா நாணுகிறது. அவர் வலக்கால் செருப்பு அறியும், அதையும் அவர் அங்கேயே எறிந்துவிட்டார்.

ஆகவே வந்திறங்கிய முதல் மாலை, நெருப்பைச் சுற்றி அண்டை இடத்தார் அமர்ந்திருக்க, எழுந்து நின்று முழங்கினார்:

"இந்த வண்டிக்குள்ள ஒரு சொட்டுகூடக் கூடாது! பொதுக் கழிப்பறை பக்கத்துலதான் இருக்கு. யாரு மீறுறாங்களோ அவங்கதான் ஞாயித்துக்கிழமை கெளம்புறப்ப தொட்டியக் காலி பண்ணணும். நானே ஆனாலும் சரி!"

"அப்ப அந்த ரூம் எதுக்கு, ஹார்லன்?" என்று கேட்டாள் அவருடைய மனைவி டோரீன், நாற்பத்தாறு ஆண்டுகளாக அவருடைய சட்டங்களைக் கேட்டுவரும் பொறுமைத் திலகம்.

"மடக்கு நாற்காலி வைக்க."

பூங்காவில் இலவசமாகத் தங்கி, பதிலுக்குக் கழிப்பறை கழுவும் தொண்டர் கிளைட் மட்டும் சிரித்தார். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார்.

இரு பகல் கழிந்தன. சட்டம் நின்றது. மூன்றாம் காலை, முந்தின மாலை ஹார்லன் உண்ட இரண்டு முழு நண்டும் மூன்று கிண்ணம் காரப் பீன்ஸும் ஒன்றுக்கொன்று பகை மூண்டு, அவர் வயிற்றகத்தே முரசறைந்து, கொடி உயர்த்தி, கோட்டை வாயிலை நோக்கிப் புறப்பட்டன. கடல் ஒருபுறம் முழங்க, குடல் மறுபுறம் முழங்க, எது எது என்று அறியாமல் கடற்பறவைகள் அஞ்சி எழுந்தன. வீரர் விழித்தார், செருப்பணிந்தார், தூறலில் இறங்கினார்.

ஓடியிருந்தால் ஒரு நிமிட வழி. ஆனால் அந்நாட்டு அறம் கொடியது. எவ்விடத்தைக் கடந்தாலும் அவ்விடத்தார் காப்பிக் கோப்பை உயர்த்துவர். உயர்த்தினால் நின்றாக வேண்டும். நின்றால் நாயைப் புகழ்ந்தாக வேண்டும். நாற்பத்தொன்பதாம் இடத்தில் ஒரு பொமரேனியன். நாற்பத்தேழில் இரட்டை வேட்டைநாய்கள். நாற்பத்துநான்கில், ஐயகோ, அறுவை சிகிச்சை முடிந்து தேறிவரும் கிழட்டு நாய். அதன் வலி, அதன் மாத்திரை, அதன் மருத்துவரின் பெயர், அனைத்தையும் முழங்கால் பின்னி நின்று, வியர்வை முத்தரும்பக் கேட்டார் கருணைக்கடல்.

"பாவம்... பாவம்... நல்ல நாய்" என்று பல்லிடுக்கில் மொழிந்து, பாம்பெனப் பக்கவாட்டில் நெளிந்து, கடைசியில் கழிப்பறை வாயிலை எய்தினார்.

வாயிலில் நின்றது 'சுத்தம் நடக்கிறது, நுழையாதீர்' என்னும் மஞ்சள் பலகை. உள்ளே தண்ணீர் பீய்ச்சும் ஓசையும் சீழ்க்கையும்.

"கிளைட்! ஒரே ஒரு நிமிஷம்!"

"தரையெல்லாம் மருந்து ஊத்தியிருக்கேன்ப்பா. இருபது நிமிஷம் ஆகும்."

"இருபதா!"

"அவசரம்னா உன் வண்டியிலேயே பீங்கான்ல இருக்காமே? நாற்காலிய எடுத்து வெளிய வெச்சுட்டு உக்காரு."

அந்தோ, அம்பினும் கூரிய சொல்! அக்கணத்தில் மானமும் வயிறும் மல்லுக்கு நின்றன. மானம் நெஞ்சை நிமிர்த்தியது. வயிறு ஒருமுறை புரண்டது. மானம் தோற்றது.

திரும்பினார் ஹார்லன். அறம் மறந்தார், நாய்கள் குரைக்க, கோப்பைகள் உயர்ந்தபடியே உறைய, வில்லிலிருந்து விடுபட்ட கணையென, அணை உடையுமுன் அணையைச் சுமந்தோடும் ஆறென, ஐம்பத்திரண்டாம் இடத்தை அடைந்து, படியேறி, தன் சட்டத்தைத் தானே முறிக்கும் தண்டனைக்குத் தலைவணங்கி, தான் அடைத்த கதவின் கைப்பிடியைப் பற்றித் திருகினார்.

திறக்கவில்லை.

"ஆளு இருக்கு" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"டோரீன்? நீயா? உள்ள என்ன பண்ற?"

"எல்லாரும் பண்றதத்தான். மூணு நாளா இங்கதான் வரேன்."

"சட்டம் போட்டேனே!"

"நீ போட்ட. நான் கையெழுத்தா போட்டேன்? சரி, உனக்கு என்ன இப்ப?"

"வெளிய வா! சீக்கிரம்!"

"அட, உனக்கும் வேணுமா? அப்ப ஞாயித்துக்கிழமை தொட்டி யாரோட வேலைனு சொல்லு, வரேன்."

கடல் ஒருகணம் ஓய்ந்தது. சென்ற கோடையின் செருப்பு அவர் கண்முன் தோன்றி மறைந்தது. மூவுலகும் செவிசாய்க்க, முப்பத்திரண்டடி வண்டியும் குலுங்க, வேந்தர் தம் இறுதிப் பிரகடனத்தை முழங்கினார்:

"என்னோடது! என்னோடது! கழுவுறதும் நான்தான்! கதவத் தொற!"

அவள் வெளியே வந்தாள், அவர் உள்ளே போனார்.