உம் கொட்டாத வீடு

மழைகூட அரண்மனையைக் கேட்டுக்கொண்டு பெய்யத் தொடங்காத காலம் அது. செவ்வந்திபுரி என்றொரு நாடு. யார் எதைச் சொன்னாலும் 'உம்' கொட்டிக் கேட்பது அந்த நாட்டு மக்களின் பழக்கம். உம் என்றால் ஒப்புக்கொண்டேன் என்று பொருளில்லை. காதில் விழுகிறது, மேலே சொல் என்று பொருள். உம் கொட்டாதவரிடம் அங்கே யாரும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார்கள்.

பூவாயி உம் கொட்டுவதில் கெட்டிக்காரி. அவள் கணவன் தாண்டவன் ஆற்றில் பரிசல் ஓட்டினான். பொழுது சாய்ந்து வீடு வந்தால், அன்று பரிசலில் ஏறினவர்களின் கதையை அளக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. பாதி புளுகு என்பது அவளுக்குத் தெரியும். நம்பாத உம், சிரிப்பை அடக்கிய உம், அப்புறம் என்னாச்சு என்று இழுக்கிற உம் என்று விதவிதமாக வைத்திருந்தாள். அவளுடைய உம்மை வைத்தே அவன் கதையை வளைப்பான். எவ்வளவு நல்ல காலம்! இரண்டு பேர் பேசினால் அந்த இரண்டு பேர் காதில் மட்டும் விழுந்த காலம்.

அரசர் மகிழ்ச்சிவர்மருக்கு அது பொறுக்கவில்லை. வீட்டுக்கொரு மைனா இலவசம் என்று அறிவித்தார். மைனா விடியலில் எழுப்பும். கதவின் தாழ்ப்பாளை அலகால் திறந்து மூடும். உப்பு தீர்ந்தால் வீட்டுக்காரியின் குரலிலேயே உப்புக்காரனைக் கூவி அழைக்கும். பூவாயிக்கு வாயெல்லாம் பல். மாலையில் அது அரண்மனைப் பக்கம் பறந்துபோய் வருவது ஏன் என்று கேட்டதற்கு, தண்ணீர் குடிக்க என்றார்கள்.

சௌகரியத் துறை அமைச்சர் பேரின்பநாதர் நாற்சந்தியில் நின்று மைனா விதிகளை வாசித்தார். காலையில் ஆரம்பித்தவர் உச்சி வெயிலிலும் நிறுத்தவில்லை. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பெரிய மனிதர் ஒருவர் தொண்டை வறள வாசிக்கும்போது சும்மா நிற்பது மரியாதையா? ஒவ்வொரு விதிக்கும் ஊரே உம் கொட்டியது.

"உம் என்றால் சம்மதம் என்று எழுதிக்கொள்க" என்றார் அமைச்சர், எழுத்தரிடம்.

ஊர் அதற்கும் உம் கொட்டியது.

அதன் பிறகு, வீட்டில் விறகு இல்லை என்று பூவாயி முணுமுணுத்தால் மறுநாள் அவள் தெருவில் மட்டும் விறகு விலை ஏறியது. தாண்டவன் வீட்டுக்குள் அமைச்சரைப் போல இருமிக் காட்டியதற்குக் காவலர்கள் பரிசல் துறைக்கே வந்து, அந்த இருமலின் உட்பொருள் என்ன என்று விசாரித்தார்கள். ஜனங்கள் முறையிட்டார்கள். அரசர் மனமிரங்கி, இனி மைனா எதைச் செய்தாலும் முதலில் சம்மதம் கேட்கும் என்று ஆணையிட்டார். அதுதான் பெரிய வினையாயிற்று. விடிந்ததிலிருந்து மைனா கேட்டுக்கொண்டே இருந்தது. அடுப்பு மூட்டியதை அரண்மனையில் சொல்லட்டுமா? அழுததைச் சொல்லட்டுமா?

ஒருநாள் தாண்டவன் கதையில் மூழ்கியிருந்தான். பூவாயி உம் கொட்டினாள். அதே நொடியில் மைனா கேட்டு முடித்திருந்த கேள்வி, பரிசலை அரண்மனைக்கு எழுதித் தருகிறீர்களா என்பது. மறுநாளிலிருந்து தாண்டவன் தன் பரிசலையே கூலிக்கு ஓட்டினான்.

"உன் மேல என்ன தப்பு புள்ள? நாந்தான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்" என்றான் அவன்.

அவள் உம் கொட்டுவதை விட்டாள். அவன் கதை சொல்வதை விட்டான். போன பரிசலைக்கூட அவளால் மறக்க முடிந்தது. எதிரில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிற மனிதனைப் பார்க்கத்தான் முடியவில்லை. எப்படியாவது அவனைப் பழையபடி பேச வைக்க வேண்டும். அவனிடம் சொல்லிவிட்டு, மைனாவைக் கூடையில் போட்டு மூடிக்கொண்டு அரண்மனைக்குப் போனாள்.

"இதைத் திருப்பிக் குடுக்க வந்தேனுங்க சாமி."

"தாராளமாக! இது சுதந்திர நாடு" என்றார் பேரின்பநாதர். "அதற்கான விதிகளை வாசிக்கிறேன். நடுவில் உம் என்றால், வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று பொருள்."

அவர் வாசித்தார். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம் தொண்டை வரை வந்து முட்டியது. பூவாயி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசி விதியும் முடிந்தது.

"நான் உம் சொல்லலீங்க."

"கவனித்தேன். உமது உறுதி நாட்டுக்கே பெருமை. ஆனால் குடிமக்கள் உம் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டதைக் கண்டு, அரசர் இன்று காலை புதிய ஆணை பிறப்பித்திருக்கிறார். இனி மைனாவே கேட்கும், மைனாவே உங்கள் குரலில் உம் சொல்லிவிடும். உமது மைனா ஏற்கெனவே சொல்லிவிட்டது. தேர்தலுக்கும் நீங்கள் வெயிலில் வந்து நிற்க வேண்டியதில்லை."

"வேணாம்னு வாய் வலிக்கச் சொல்றேனே, அது காதுல விழலையா சாமி?"

"நன்றாக விழுகிறதம்மா. அந்தச் சொல்லுக்கு விதிகளில் இடமில்லை, அவ்வளவுதான்" என்று சொல்லி, அவரே கூடையின் மூடியைத் திறந்துவிட்டார். மைனா வீடு இருக்கும் திசையில் பறந்தது.

பூவாயி நடந்து வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கதவு தாழிட்டிருந்தது. உள்ளே தாண்டவனின் குரல். தண்ணீரைக் கண்டு மிரண்ட மாப்பிள்ளை ஒருவனைப் பரிசலில் ஏற்றின கதை. எத்தனை காலத்துக்குப் பிறகு இந்தக் குரல்! அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. விளக்கேற்றாத அடுப்படிப் பக்கமிருந்து, சிரிப்பை அடக்கிய உம் ஒன்று கேட்டது. அவளுடைய உம்.

"நீ இப்படிக் கேட்டு எத்தன நாளாச்சு புள்ள" என்றான் தாண்டவன்.

பூவாயி கதவைத் தட்டினாள். "என்னங்க! நான் இங்க வெளியில நிக்கிறேங்க!"

கதை நின்றது.

"நீ திருப்பிக் குடுத்துட்டு வந்தியே, அந்த மைனா வாசலுக்கே வந்திருச்சு பாரு. உன் குரல்லயே கூப்பிடுது. தொறக்கட்டுமா?"

"ஊஹூம்" என்றது உள்ளேயிருந்து பூவாயியின் குரல்.