தனிக்காட்டு ராஜாவும் ஒரு வாஷரும்

வெண்கலத் தட்டை யாரோ நகத்தால் சுண்டியதுபோல் ‘ணங்’ என்று ஒரு சத்தம். கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. பம்ப் ஆபரேட்டர் வீட்டுத் தெருவில் சிலருக்கு அது இன்னும் காதில் இருக்கிறது. அதைக் கேட்டு அவர் நாற்காலி கவிழ எழுந்து போட்ட கூச்சலில், அடுத்த வீட்டுப் பூனை மதிலிலிருந்து விழுந்தது.

ஊருக்கே தண்ணீர் ஏற்றி அனுப்பும் நிலையத்தில் அவருக்கு வேலை. அவர் வீட்டுக் குளியலறைக் குழாய் மட்டும் மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஓய்வு நேரமெல்லாம் கம்ப்யூட்டரில், முகம் தெரியாத பலரும் இணையத்தில் சேர்ந்து ஆடும் விண்வெளி விளையாட்டு. எழுபத்தெட்டுக் கிரகங்களைத் துழாவிவிட்டார். ஒன்றில் நெருப்பு, ஒன்றில் விஷப்புகை, மற்றதெல்லாம் வெறும் கல். எழுபத்தொன்பதாவதில்தான் அந்த ‘ணங்’. மனிதர் வாழத் தகுந்த கிரகம்.

“இங்க வந்து பாரேன். காத்து இருக்கு. காடு இருக்கு. ஆறு ஓடுது. மலைக்குள்ள இரும்பும் செம்பும் கொட்டிக் கிடக்கு. மொத்தமும் என்னோடது.”

மனைவி ஆஸ்பத்திரித் துணிக்கிடங்குக்குப் பொறுப்பு. பழைய விரிப்பைக் கையில் கொடுத்தால்தான் புது விரிப்பு தருவாள்; பெரிய டாக்டருக்கும் அதே சட்டம்தான். போர்வையை நாலாக மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“ஆறு நல்லாத்தான் ஓடுது. நம்ம குளியலறையிலயும் ஒண்ணு ஓடுது. ஒரு வாஷர் மாத்தினா நின்னுடும்.”

“உலகத்தையே ஆளப் போறவன்கிட்ட வந்து வாஷரைப் பத்திப் பேசற.”

“எத்தனை நாளைக்கு ஆளுவீங்க?”

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒரு உயிர்கூடச் சாகாம வெச்சுக் காட்டறேன். காட்டிட்டா, ஆயுசுக்கும் நீ குழாய்ப் பேச்சை எடுக்கக் கூடாது.”

“செத்துப் போச்சுன்னா?”

“கம்ப்யூட்டரை உன் தங்கச்சிக்குத் தூக்கிக் கொடுத்துடறேன்.”

“சரி.”

அவள் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது நல்ல சகுனமில்லை. ராஜாவுக்கு அது உறைக்கவில்லை.

கிரகத்துக்குத் ‘தனிக்காடு’ என்று பெயர் வைத்தார். நாற்பதாயிரம் பேரைக் குடியேற்றினார். திங்கட்கிழமை இரும்பு உருக்க ஓர் உலை மூட்டினார். செவ்வாய்க்கிழமை இன்னும் ஆறு. விறகு போதவில்லை, காட்டை வெட்டினார். புதன்கிழமை இரும்பு மலையாகக் குவிந்தது. மலை இருந்த இடம் பள்ளமாயிற்று. வியாழக்கிழமை மழை நின்றது. மரமில்லாத மண்ணில் யாருக்காகப் பெய்வது என்று மேகத்துக்கும் தோன்றியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆறு மெலிந்து கோடாகி, அந்தக் கோடும் அழிந்தது. திரையில் சிவப்பு எழுத்து: ‘குடிநீர் ஒரு நாளைக்கு மட்டும்.’

ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற மனுஷர் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தார். காடில்லாத காட்டுக்கு ராஜா.

சனிக்கிழமை மனைவி வேலைக்குப் போன பிறகு ஒரு செய்தி வந்தது. அனுப்பியது பக்கத்து நட்சத்திரத்து அதிபர். பெயர் ‘நாலுமடி’. ஏற்கெனவே பதினோரு கிரகங்களை ஆளுகிறவர்.

‘பனிக்கட்டி நிரப்பிய டேங்கர் கப்பல்கள் தயார். ஆனால் சொட்டுத் தண்ணீரை வீணாக்குகிறவர்களுக்கு நான் தருவதில்லை. உங்களுக்குக் குழாய் வேலை தெரியுமா?’

‘பத்தொன்பது வருஷ சர்வீஸ்’ என்று நிமிர்ந்து உட்கார்ந்து அடித்தார்.

‘வாய் வார்த்தை வேண்டாம். சொட்டும் குழாய் ஒன்றைச் சரிசெய்து படம் அனுப்பவும். அதோடு, ஆட்சியும் இனி என்னுடையது. சம்மதமா?’

நாற்பதாயிரம் உயிர். கிரீடம் போனால் போகட்டும் என்று சம்மதித்தார். சொட்டும் குழாய்க்கு எங்கே போவது? எங்கும் போக வேண்டாம், காதிலேயே இருந்தது. ஸ்பானரோடு ஓடினார். சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் புத்தம்புது வாஷர் ஒன்று காத்திருந்தது. கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

பத்தே நிமிஷம். படம் போனது, டேங்கர்கள் வந்தன, தனிக்காட்டில் மழை பெய்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. “பாரு, எல்லாம் பச்சை விளக்கு. ஒரு உயிர்கூடப் போகல. ஜெயிச்சுட்டேன்.”

“ஜெயிச்சுட்டீங்க. இனிமே குழாய்ப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

வீடு அமைதியாக இருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு சுவர்க் கடிகாரம் பேசுவது கேட்டது.

“அந்த நாலுமடிக்கு எவ்வளவு பெரிய மனசு தெரியுமா? முகம் தெரியாதவனுக்கு இப்படி யாரு உதவுவாங்க?”

அவள் துண்டை இரண்டாக மடித்தாள். பிறகு நாலாக மடித்தாள்.

“முகம் தெரிஞ்சவங்கதான் உதவுவாங்க. பழைய வாஷரை எங்க வெச்சிருக்கீங்க?”

“அது எதுக்கு?”

“அதைக் கையில கொடுத்தாத்தானே அடுத்த டேங்கர்.”

துணிக்கிடங்கில் ஆள் வராத மத்தியானங்களில் அவள் செல்போனில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

தனிக்காட்டில் இப்போது காடு மறுபடி அடர்ந்துவிட்டது. பழைய ராஜா அங்கே குழாய்ப் பிரிவில் இருக்கிறார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.