ரங்கு வீட்டு வாசலில் ஓர் ஆர்க்கிட்

எனக்குப் பொறாமை என்பதே கிடையாது. இதை நான் ஒரே மாதத்தில் மயிலாப்பூரில் பாதிப் பேரிடம் சொன்னேன். மீதிப் பாதிப் பேரிடம் அவர்கள் போய்ச் சொன்னார்கள். எனக்குப் பொறாமை என்று ஊர் பூராவும் தெரிந்தது அதற்கப்புறம்தான்.

விஷயம் இதுதான். நானும் ரங்குவும் பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதர்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஒரே வருஷம் குமாஸ்தாவாகச் சேர்ந்தோம். ஒரே டிராமில் போவோம், ஒரே டிராமில் வருவோம், சாயங்காலம் சாந்தோம் கடற்கரை மணலில் உட்கார்ந்து எங்கள் துரையை வைவோம். பன்னிரண்டு வருஷம் இப்படியே போயிற்று. பிறகு ஹெட் கிளார்க் வேலை காலியாயிற்று. இருவரும் மனுப் போட்டோம். ரங்குவுக்குக் கிடைத்தது.

அன்றைக்கு நான் அவன் கையைப் பிடித்துக் குலுக்கியதில் அவனுக்கு இரண்டு நாள் தோள் வலித்ததாம். (சந்தோஷத்தைக் கொஞ்சம் அதிகமாகக் காட்டிவிட்டேன் போலிருக்கிறது.) அதன் பிறகு அவன் கடற்கரைக்கு வருவது நின்றுபோயிற்று. கேட்டால், "புது வீட்டு வேலைடா" என்பான். மாம்பலத்தில் அப்போதுதான் தெருப் போட்டு மனை விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே வீடு வேறு கட்டிக்கொண்டிருந்தான். நான் மட்டும் மணலில் தனியாக உட்கார்ந்து துரையை வைது பார்த்தேன். சுகப்படவில்லை.

தை மாதம் கிருகப்பிரவேசத்துக்கு அழைப்பு வந்தது. ரங்கு ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தான், நேரில் வரவில்லை. ஒரு நல்ல பரிசாகக் கொடுத்து, என் மனசில் ஒன்றுமில்லை என்று அவனுக்குக் காட்டிவிட வேண்டும், பழையபடி அவனைக் கடற்கரைக்குக் கூட்டிவந்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

"வெள்ளிக் கிண்ணம் ஒண்ணு வாங்கிக் குடுங்கோளேன்" என்றாள் என் மனைவி. எல்லாரும் கொடுப்பதை நான் கொடுப்பேனா? துரையின் அறையில் ஜன்னலோரம் ஓர் ஆர்க்கிட் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு தடவை அது பூத்திருந்தபோது ரங்கு கோப்பும் கையுமாக அதையே பார்த்தபடி நின்றுவிட்டான். துரை இரண்டு தரம் கனைத்த பிறகுதான் நகர்ந்தான். அது எனக்கு ஞாபகம் வந்தது.

தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு செடித் தோட்டத்துக்குப் போனேன். ஏகாம்பரம் என்ற தோட்டக்காரர் கீற்றுப் பந்தலுக்குள் அழைத்துப் போனார். ஊதாப் பூ பூத்திருந்த ஒன்றைத் தொடப் போனேன்.

"அது வேணாம் சாமி. மலைச் சரக்கு. சித்திர வெயில்ல படுத்துக்கும்."

பக்கத்திலிருந்ததைக் காட்டினேன்.

"அது ஆள் ஒசரம் வளரும். ஊட்ல எடம் கீதா?"

"வீடு என்னுது இல்லை. சிநேகிதனுக்குக் கொடுக்க. அவன் கைபட்டால் துளசியே பட்டுப்போகும்."

ஏகாம்பரம் யோசித்தார். மூலையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். தேங்காய் மட்டைத் துண்டில் கட்டியிருந்தது. தடித்த இலைகள், ஒரு சாண் உயரம், கீழே சாம்பல் நிறத்தில் வேர்கள் தொங்கின. பூ இல்லை.

"இதான் உனுக்கு. சின்ன ஜாதி, இதுக்கு மேல வளராது. மண்ணு வேணாம், எருவு வேணாம். கட்டித் தொங்க வுட்டா காத்தைத் துன்னுக்கினு அது பாட்டுக்குக் கெடக்கும். காலைல ஒரு கை தண்ணி தெளிச்சா போதும். வைகாசில பூ வரும் பாரு, தெரு முச்சூடும் மணக்கும். இத்த சாவடிக்கணும்னா ரொம்பப் பாடுபடணும் சாமி."

கடைசியாகச் சொன்னாரே, அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் சொன்னதையெல்லாம் வரி வரியாக மனப்பாடம் செய்துகொண்டேன்.

செடியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ராயப்பேட்டையில் டிராமுக்கு நின்றேன். மீனும் நண்டுமாக இருந்த கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், வெளியே நீட்டிக்கொண்டிருந்த வேர்களைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, நண்டா? காலை நீட்டிக்கினு கீது, கடிச்சிடப் போவுது."

"செடிம்மா."

"மண்ணே காணோம்? ஓ, வாசல்ல கட்றதா! எவனாச்சும் கண்ணு வெச்சிட்டானா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். (அப்போதே செடியை அவளிடம் கொடுத்துவிட்டு, நண்டை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். எங்கள் வீட்டில் நண்டு ஆகாது, இருந்தாலும்.)

கிருகப்பிரவேசத்தன்று கூடம் நிறைய ஜனம். எங்கள் ஆபீஸ் முழுக்க அங்கேதான் இருந்தது. ரங்கு பஞ்சகச்சத்தோடு புகைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். பரிசுகளை வாங்கிக்கொண்டிருந்தவள் அவனுடைய அலமு அத்தை. சாதாரணமாகப் பேசினாலே எதிர்வீட்டுக்குக் கேட்கும். காகிதத்தைப் பிரித்தாள்.

"என்னடா சாமா இது? கத்தாழையா?"

"இல்லை அத்தை. ஆர்க்கிட்."

"மண்ணே இல்லையே?"

"மண்ணே வேண்டாம் அத்தை!" மனப்பாடம் தானாக வந்தது. "வாசல்லே கட்டித் தொங்க விட்டுட்டா போதும். காத்திலேயே பிழைச்சுண்டு இருக்கும். தினம் ஒரு கை தண்ணி தெளிச்சா போறும். லேசிலே சாகாது."

அத்தையின் முகம் மலர்ந்தது. "திருஷ்டிக்குன்னு நேராச் சொல்லேண்டா! இத்தனை பேர் வந்தாளே, ஒருத்தருக்குத் தோணித்தா? கண் போடறவாளுக்குத்தானே கண்ணோட பலம் தெரியும்!"

அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். அதுதான் கஷ்டம். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, வாத்தியார் மந்திரத்துக்கு நடுவில் மூச்சு வாங்கிய அந்த ஒரு கணத்தில், கூடம் முழுக்கக் கேட்கும்படி, "என் கண் அப்படி ஒண்ணும் பொல்லாத கண் இல்லை!" என்று கத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு வாத்தியாருக்கு மந்திரம் மறந்துபோயிற்று.

ரங்கு எழுந்து வந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது. என்னைப் பார்க்காமலே செடியை வாங்கிக்கொண்டு போய், முக்காலியில் ஏறி, வாசல் நிலைக்கு மேலே கட்டினான். திருஷ்டிக் கற்றாழையை எப்படிக் கட்டுவார்களோ அப்படி. வேர் மேலே, இலை கீழே. என் பரிசு தலைகீழாய்த் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் பந்தியில் உட்கார்ந்தேன். பாயசம் இரண்டாம் தரம் வந்தபோது வேண்டாமென்று சொன்னேன். என் ஆயுளில் அதுதான் ஒரே தடவை.

ஒரு வாரம் தூக்கமில்லை. சிநேகிதம்தான் போயிற்று, செடியாவது பிழைக்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாம்பலத்துக்குப் போனேன். வாசலில் யாருமில்லை. முக்காலி மட்டும் இருந்தது. ஏறி முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். நிமிர்த்திக் கட்டிவிட்டு, சத்தமில்லாமல் போய்விடுவதாக உத்தேசம்.

"ஐயையோ! கட்டின திருஷ்டியை அவுத்துண்டு போறானே! ரங்கு, ஓடிவாடா!"

அத்தை கையில் வாளியோடு நின்றாள். எதிர்வீட்டார் வெளியே வந்தார்கள். அதற்கும் எதிர்வீடு இருந்திருந்தால் அவர்களும் வந்திருப்பார்கள். ரங்கு ஓடிவந்தான். நான் முக்காலியின் மேல் கையைத் தூக்கியபடி நின்றேன்.

"ஏண்டா அவுக்கறே?" என்றான்.

"தலைகீழா இருக்குடா. இது திருஷ்டிக்கு இல்லை. துரை ரூம்லே கோப்பும் கையுமாப் பார்த்துண்டு நின்னியே, அந்தச் செடி. உனக்குப் பிடிக்கும்னு வாங்கினேன்."

அவன் செடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் முக்காலி ஆடியது, அதனால் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"எனக்குப் பொறாமைதாண்டா ரங்கு. உனக்கு வேலை கிடைச்ச அன்னிக்கு வயிறு எரிஞ்சுது. இந்த வீட்டைப் பார்த்தா இப்பவும் எரியறது. ஆனா நீ இல்லாம பீச்சுக்குப் போக முடியலை."

ரங்கு வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"இதை முதல்லேயே சொல்லித் தொலைக்கப்படாதா? 'ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்'னு நீ கையைப் போட்டு முறுக்கறச்சே எனக்குப் பயமா இருந்ததுடா. அதனாலேதான் நான் வரலை."

"சரி, செடியை நிமிர்த்திடறேன்" என்றேன்.

"தொடப்படாது!" என்றாள் அத்தை. "கட்டினது கட்டினதுதான்."

அன்று சாயங்காலம் இருவரும் கடற்கரைக்குப் போனோம். துரைக்கு மூன்று மாத வசவு பாக்கி இருந்தது, தீர்த்துவிட்டோம்.

செடியா? ஏகாம்பரம் சொன்னது சத்தியம். அத்தை தினம் வாசல் தெளிக்கும்போது அதற்கும் ஒரு கை தெளித்தாள். வெள்ளிக்கிழமை குங்குமம் வேறு. அது நுனியை வளைத்து மேல்நோக்கித் திருப்பிக்கொண்டு, வைகாசியில் பூத்தது. திருஷ்டியே பூத்துவிட்டது என்று மாம்பலமே வந்து பார்த்தது.

பல வருஷம் கழித்து நானும் அபிராமபுரத்தில் ஒரு சின்ன வீடு கட்டினேன். ரங்கு காகிதத்தில் சுற்றிய ஓர் ஆர்க்கிட் கன்றோடு வந்தான். முக்காலி கேட்டான். ஏறித் தலைகீழாகக் கட்டினான்.

"நேராக் கட்டேண்டா. உனக்குத்தான் தெரியுமே!"

"நேராக் கட்டினா திருஷ்டி போகாது."

"யார் கண்ணு படப்போறது இந்த வீட்டுக்கு?"

"என் கண்ணுதான். உன் கிணத்துத் தண்ணி தித்திக்கறது, என்னுது உப்பு. வயிறு எரியறதுடா" என்றான் ரங்கு.

இன்றைக்கும் எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்காவது நல்லது நடந்தால், வாழ்த்தெல்லாம் கிடையாது. குழந்தை முதற்கொண்டு எல்லாரும் போய், "எனக்கு வயிறு எரியறது" என்று சொல்லிவிட்டு வருவார்கள். போன மாதம் எங்கள் புது மாப்பிள்ளைக்கு உத்தியோகம் உயர்ந்தது. வரிசையாக ஒன்பது பேர் வந்து இப்படிச் சொன்னதும் பாவம், அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் அவரை வாசலுக்கு அழைத்துப் போய், செடியைக் காட்டி, முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு நிம்மதியாகச் சிரித்தார். பிறகு நான் அவர் கையைப் பிடித்து, மெதுவாகத்தான், "எனக்கும்தான் மாப்பிள்ளை" என்றேன்.